கனடாக் குளிரில் வெளியே வேலை செய்வோரும் உலாவுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கட்டடம், கூரை, பொதி விநியோகம், காவல், எரிபொருள் நிலையம், வெண்பனி அள்ளுதல் போன்ற வேலைகளுக்குப் புதிதாகச் சேர்ந்த தமிழர்களும், பிள்ளைகளோடு வெளியே போக விரும்பும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஊரில் மார்கழிப் பனிக்குத் தலையில் துவாய் கட்டியதே குளிரைப் பற்றிய முழு அனுபவமாக இருந்த ஒருவர், பல குளிர்காலங்களை வெளி வேலையில் கழித்தபின் எழுதும் பதில்கள் இவை.

வானிலை அறிக்கையில் −10 பாகை என்றும், உணரப்படும் குளிர் −20 என்றும் இரண்டு எண்களைச் சொல்கிறார்கள். எதை நம்பி உடுத்துவது?

இரண்டும் உண்மையே. முதல் எண் வெப்பமானி காட்டுவது. இரண்டாவது, மூடப்படாத தோல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கிறது என்பதைக் காட்டும் கணக்கு. நம் உடலைச் சுற்றி, நாமே சூடாக்கிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. காற்று வீசும்போது அந்தப் படலம் அடித்துச் செல்லப்படுவதால், உடல் மீண்டும் மீண்டும் புதிய காற்றைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. வெப்பநிலை −10 ஆக இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், காற்றில்லாத −20 பாகையில் நிற்பது போலவே முகம் உணரும்.

இந்தக் கணக்கின் தொடக்கம் அந்தாட்டிக்காவில். சைப்பிள், பாசெல் என்ற இரு ஆய்வாளர்கள் பிளாஸ்ரிக் உருளை ஒன்றில் நீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எடுக்கும் நேரத்தை அளந்து, 1945இல் தங்கள் கணக்கை வெளியிட்டார்கள். மனித முகம் நீர் உருளை அல்ல என்பதால் அந்தக் கணக்கு குளிரைச் சற்று மிகைப்படுத்தியது. ஆகவே கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2001இல் புதிய சூத்திரத்துக்கு மாறின. அதற்காக முகத்தில் உணரிகள் பொருத்தப்பட்ட தன்னார்வலர்கள் நடைபயிற்சி இயந்திரத்தில் குளிர்காற்றை எதிர்கொண்டு நடந்தது இதே ரொறன்ரோவில்தான்.

முகத்தை வைத்துக் கணித்த எண் என்பதை நினைவில் வைத்தால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் விளங்கும். முகம், காது, விரல் ஆகியவற்றை மூடுவதற்கு இரண்டாவது எண்ணைப் பாருங்கள். காற்றுப் புகாத மேலாடை உங்களிடம் இருந்தால், உடலுக்கு முதல் எண்ணே போதும். வாகனமும் தண்ணீர்க் குழாயும் எவ்வளவு காற்று அடித்தாலும் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகமாட்டா. +2 பாகையில் வீசும் காற்று குழாயை உறைய வைக்காது.

எந்த எண்ணுக்குப் பிறகு உண்மையான ஆபத்து?

உணரப்படும் குளிர் −28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். −40இல் அது 5 முதல் 10 நிமிடங்களாகவும், −48இல் 2 முதல் 5 நிமிடங்களாகவும் சுருங்குகிறது. −55க்கு அப்பால் இரண்டு நிமிடம்கூடத் தேவையில்லை. மனிற்றோபா மாகாணத்தின் வின்னிப்பெக் நகரில் இருப்பவர்களுக்கு இவை பழகிய எண்கள். ரொறன்ரோவில் −28 என்பது சில நாள்களே வரும் விருந்தாளி.

ஆனால் ரொறன்ரோவில் நான் மிகவும் அஞ்சும் நாள் −25 அல்ல, +2 பாகையில் மழையும் பனியும் கலந்து பெய்யும் நாள். −25இல் எல்லோரும் எச்சரிக்கையாக உடுத்தி வருவார்கள். வெண்பனியும் உலர்ந்த தூளாக இருப்பதால் தட்டிவிட்டால் போய்விடும். +2இல் "இன்று குளிர் குறைவுதானே" என்று மெல்லிய மேலாடையோடு வந்தவர் ஒரு மணி நேரத்தில் உள்ளாடை வரை நனைந்துவிடுவார். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்துகிறது. இந்தப் பக்கத்தின் பெரும்பாலான பதில்கள் சுற்றிச் சுற்றி ஈரத்திலேயே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எத்தனை உடுப்புப் போட வேண்டும்? தடித்த ஜக்கெற் ஒன்று போதாதா?

பஸ் தரிப்பிடத்தில் நிற்பதற்குப் போதும், வேலைக்குப் போதாது. வேலை செய்யும் உடல் ஒரு மணி நேரத்தில் பலமுறை சூடாகியும் குளிர்ந்தும் மாறுகிறது. தடித்த ஒரே ஜக்கெற்றை அதற்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒன்றில் வியர்த்துக் கொட்டும், அல்லது கழற்றி வைத்துவிட்டு நடுங்க வேண்டும்.

ஆகவே மூன்று படைகளாக உடுத்துங்கள். தோலை ஒட்டியிருக்கும் முதற்படை வியர்வையைத் தோலிலிருந்து அகற்ற வேண்டும். அதற்கு மெல்லிய கம்பளி அல்லது பொலியெஸ்ரர் தேர்மல் ஏற்றது. நடுப்படை காற்றைச் சிறைப்பிடித்து வைத்திருக்க வேண்டும். ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழைத் துணி, கம்பளிச் சுவெற்றர், இறகு அடைத்த மெல்லிய ஜக்கெற் ஆகியவை இதற்குரியவை. இறகு நனைந்தால் அமுங்கிப்போய்ப் பயனற்றதாகிவிடுவதால், ஈரமான வேலைகளுக்கு ஃபிளீஸே மேல். மூன்றாவது படை காற்றையும் நீரையும் தடுக்க வேண்டும். அதற்குத் தடிப்புத் தேவையில்லை. அக்குளிலோ கழுத்திலோ திறந்துவிடக்கூடிய சிப் இருந்தால் நல்லது.

பருத்தியை மட்டும் தோலில் படவிடாதீர்கள். ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போன்ற துணை வேறில்லை. அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்கி உடலைக் குளிர வைக்கும். கனடாவின் சனவரியிலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. என் முதலாவது குளிர்காலத்தில் பருத்திப் பெனியனுக்கு மேல் இரண்டு பருத்திச் சட்டைகளும் அதற்கு மேல் கடன் வாங்கிய பெரிய ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு பலகை சுமந்தேன். முதல் அரை மணி நேரம் வியர்த்தது. தேநீர் இடைவேளையில் பல் கிட்டியது. குளிர் வெளியிலிருந்து வருகிறது என்று நினைத்து நான்காவது சட்டையைத் தேடினேனே தவிர, முதுகில் ஒட்டியிருந்த ஈரச் சட்டையைக் கழற்றத் தோன்றவில்லை.

வேலை தொடங்கும் முதல் பத்து நிமிடம் சற்றுக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் நீங்கள் உடுத்தியது அதிகம். வியர்க்கத் தொடங்கும் முன்னரே ஒரு படையைக் கழற்றுங்கள், வேலை நின்றவுடன் குளிரும்வரை காத்திராமல் அதைத் திரும்பப் போடுங்கள். மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்ள உலர்ந்த தேர்மல் ஒன்றையும் காலுறை ஒரு சோடியையும் பையில் வைத்திருப்பவரை, முதல் வாரம் கேலி செய்தவர்களும் இரண்டாம் வாரம் பின்பற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு காலுறை போட்டும் கால் விறைக்கிறது. ஏன்?

அநேகமாக, இரண்டு போட்டதால்தான். சப்பாத்துக்குள் விரல்களை அசைக்க இடமில்லாவிட்டால் இரத்த ஓட்டம் குறைகிறது. சூட்டைப் பிடித்து வைக்க வேண்டிய காற்றும் நசுங்கி வெளியேறிவிடுகிறது. தடித்த கம்பளிக் காலுறை ஒன்றோடு, அதைப் போட்டுப் பார்த்தே வாங்கிய சற்றுப் பெரிய சப்பாத்து, இறுக்கமான சப்பாத்துக்குள் திணித்த இரண்டு காலுறைகளைவிட எப்போதும் மேலானது. கட்டட வேலைக்கு, பச்சை முக்கோண அடையாளமுள்ள பாதுகாப்புச் சப்பாத்துக் கேட்பார்கள். அவற்றில் உருக்குக்குப் பதிலாகக் கூட்டுப்பொருளால் செய்த விரல்மூடி உள்ளதைத் தேர்ந்தால், குளிரைக் கடத்தும் உலோகம் விரலருகே இராது.

காவல் வேலை போல ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு வெப்பம் பெரும்பாலும் அடிப்பாதத்தின் வழியாகவே போகிறது. வெறும் கொங்கிறீற்றில் நிற்காமல் ஒரு பலகைத் துண்டிலோ மடித்த அட்டைப் பெட்டியிலோ நின்று பாருங்கள். செலவில்லாத இந்த வித்தைக்கு ஈடான விலையுயர்ந்த காலுறையை நான் இன்னும் காணவில்லை. சப்பாத்தின் உள்ளுறையை ஒவ்வோர் இரவும் வெளியே எடுத்து உலர்த்துங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பாதத்தில் உணர்வு குன்றியிருந்தால் விறைப்பே தெரியாது. ஆகவே உணர்வை நம்பாமல் இடைவேளைதோறும் கண்ணால் பார்க்க வேண்டும்.

கையுறை போட்டால் வேலை ஓடவில்லை. கழற்றிவிட்டுச் செய்யலாமா?

சில நொடிகளுக்குச் செய்யலாம், உலோகத்தைத் தொடாமல். ஏறத்தாழ −7 பாகைக்குக் கீழ் உள்ள உலோகத்தை வெறுங்கையால் தொடுவது தோலைச் சேதப்படுத்தக்கூடும். நுண்வேலை செய்பவர்கள் மெல்லிய உட்கையுறை ஒன்றையும், அதன் மேல் விரல்கள் ஒன்றாக இருக்கும் மிற்றன் ஒன்றையும் அணிந்து, தேவையானபோது மிற்றனை மட்டும் கழற்றுவது வழக்கம். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்குவதால் மிற்றன், ஐவிரல் கையுறையைவிடச் சூடு கூடியது.

எரிபொருள் நிலையத்தில் நிற்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பெற்றோல் அந்தக் குளிரிலும் உறையாமல் திரவமாகவே இருக்கிறது. கையில் சிந்தினால் வேகமாக ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. நனைந்த கையுறையை உடனே மாற்ற வேண்டும்.

எவ்வளவு குளிருக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

ஒன்ராறியோவில் வெளி வேலைக்கு அப்படியொரு எண்ணைச் சட்டம் குறிப்பிடவில்லை. தொழிற்சாலைகளின் உள்ளே 18 பாகைக்குக் குறையக் கூடாது என்ற விதி உண்டு. வெளியே அது பொருந்தாது. ஆனால், எண் இல்லை என்பதால் பாதுகாப்பும் இல்லை என்று மேற்பார்வையாளர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். தொழிலாளியின் பாதுகாப்புக்காக அந்தச் சூழ்நிலையில் நியாயமான எல்லா முன்னெச்சரிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்று தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்துகிறது. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையையும் அதுவே தருகிறது, மறுத்ததற்காகப் பழிவாங்குவதையும் அதுவே தடை செய்கிறது.

நடைமுறையில் பலரும் எடுத்துக்கொள்வது, கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் உருவாகிப் பின்னர் வட அமெரிக்காவில் பரவலான ஓர் அட்டவணை. நான்கு மணி நேர வேலையை அடிப்படையாகக் கொண்ட அது, −26 முதல் −28 பாகை வரை காற்றில்லாமல் இருந்தால் வழக்கமான இடைவேளை போதும் என்கிறது. அதே குளிரில் மணிக்கு 24 கிலோமீற்றர் காற்று வீசினால் ஒரே மூச்சில் 55 நிமிடத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, மூன்று இடைவேளை தேவை. −43க்குக் கீழே காற்றே இல்லாவிட்டாலும் அவசரமற்ற வேலையை நிறுத்த வேண்டும். இடைவேளை என்பது சூடான இடத்தில் பத்து நிமிடம் இருப்பது. வாகனத்தின் மறைவில் நின்று புகைப்பது அல்ல. இந்த அளவுகள் உடலை அசைத்துச் செய்யும் வேலைக்கு உரியவை. நின்றபடி செய்யும் வேலைக்கு இன்னும் கடுமையாகக் கணிக்க வேண்டும்.

கையில் காசு வாங்கி வேலை செய்பவர்கள் இந்த உரிமைகள் தமக்கில்லை என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஊதியம் எந்த வழியில் வந்தாலும் ஊதியத்துக்கு உழைப்பவர் தொழிலாளியே.

உடன் வேலை செய்பவர் குளிரால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்பதை எப்படி அறிவது?

நா குழறல், கால் இடறல், கையிலிருந்து பொருள் நழுவல், காரணமில்லாச் சிடுசிடுப்பு. இந்த நான்கில் இரண்டைக் கண்டாலே உள்ளே அழைத்துச் செல்லுங்கள். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதை ஹைப்போதேர்மியா என்கிறார்கள். அதன் கொடுமை என்னவென்றால், அது முதலில் மழுங்கடிப்பது மூளையின் தீர்மானிக்கும் திறனைத்தான். "எனக்கொன்றுமில்லை, விடு" என்று அவர் சொல்வதே ஓர் அறிகுறியாக இருக்கலாம். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடாகாமலே திடீரென நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை முற்றிவிட்டது. உடனே 911ஐ அழைக்க வேண்டும்.

உதவி வரும்வரை அவரைப் படுக்க வைத்து, ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த போர்வையால் தலை உட்படச் சுற்றி, மார்பையும் வயிற்றையும் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்கவோ அவரை நடக்க வைக்கவோ கூடாது. கைகாலில் தேங்கிய குளிர்ந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்புவதும், முரட்டுத்தனமாகக் கையாள்வதும் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும். முழு நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டும் இனிப்பான சூட்டுப் பானம் கொடுக்கலாம்.

விரலோ காதோ வெள்ளையாகி மரத்துவிட்டது. என்ன செய்வது?

ஃபுரொஸ்ட்பைட் என்று இங்கே எல்லோரும் சொல்லும் பனிக்கடியின் தொடக்கம் அது. நம்முடைய கருநிறத் தோலில் வெண்மை பளிச்சென்று தெரியாமல் சாம்பல் பூத்தது போலவோ மெழுகு பூசியது போலவோ தோன்றலாம். வலித்துக்கொண்டிருந்த இடம் திடீரென வலிக்காமல் போனால் மகிழ வேண்டாம், பாருங்கள்.

தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது அதனினும் கேடு. அடுப்பு, ஹீற்றர், நெருப்பு ஆகியவற்றில் காட்டக் கூடாது, ஏனெனில் மரத்த தோல் சுடுவதை உணராது. மேலோட்டமானதாக இருந்தால் காதின் மேல் உள்ளங்கையை வைத்தோ விரலை அக்குளில் செருகியோ சூடாக்கலாம். ஆழமானதென்று ஐயம் இருந்தால் 37 முதல் 39 பாகைச் சூட்டுள்ள நீரில் அமிழ்த்தி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீண்டும் குளிரில் உறைய வாய்ப்பிருந்தால் மட்டும் இடையில் உருக்காதீர்கள். உருகி மறுபடி உறையும் சதைக்கு நேரும் சேதம் முதலாவதைவிடப் பெரிது.

கொஞ்சம் மது குடித்தால் உடல் சூடாகாதா?

சூடாவது தோல் மட்டுமே. மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே காக்கப்பட வேண்டிய வெப்பத்தை வெளியே கொட்டுகிறது.

வாசலில் வெண்பனி அள்ளுவதும் ஆபத்து என்கிறார்களே?

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அது உண்மையான ஆபத்து. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவது அதை மேலும் உயர்த்துகிறது. ஆண்டு முழுவதும் அலுவலகக் கதிரையில் இருந்த ஒருவர் காலையில் எழுந்த கையோடு, வேலைக்குப் பிந்திவிடும் என்ற அவசரத்தில் ஈரப்பனியை அள்ளி எறிவது, பயிற்சியே இல்லாமல் ஓட்டப்போட்டியில் இறங்குவதற்குச் சமம்.

தூக்குவதைவிடத் தள்ளுங்கள். ஓர் அடி உயரம் வரும்வரை காத்திராமல் பெய்யப்பெய்ய இரண்டு மூன்று தடவை தள்ளுங்கள். மார்பு இறுக்கம், இடக்கை அல்லது தாடை வலி, தலைசுற்றல் எது வந்தாலும் சவளை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு 911ஐ அழையுங்கள். அயல்வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது பின்னர் பார்த்துக்கொள்ளக்கூடிய விடயம். உப்புத் தூவுவோர், ஏறத்தாழ −10 பாகைக்குக் கீழே அதன் வலு குறைந்துவிடுகிறது என்பதை அறிந்து, அத்தகைய நாள்களில் வழுக்காதிருக்க மணலைத் தூவுங்கள்.

வாகனம் பனியில் புதைந்துவிட்டால்?

வாகனத்தை விட்டு இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினை இயக்கும் முன் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அடைபட்டிருந்தால் மணமும் நிறமும் இல்லாத காபனோரொக்சைட்டு வாயு உள்ளே வரும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இயக்கி, ஒரு யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். கைபேசியை உடலோடு ஒட்டிய பையில் வைத்திருங்கள், குளிரில் அதன் மின்கலம் திடீரெனச் செயலிழக்கும்.

தைப்பொங்கலை வீட்டு முற்றத்தில் பொங்கலாமா? கோயிலுக்குச் சேலையில் போகலாமா?

தாராளமாகப் பொங்கலாம், முற்றத்தில் என்றால். தை முதல் நாள் இங்கே ஆண்டின் மிகக் குளிரான வாரங்களுக்குள் வந்து விழுகிறது, ஆதலால் பலர் அடுப்பைக் கராஜுக்குள் கொண்டுபோய்க் கதவை இறக்கிவிடுகிறார்கள். அது கூடவே கூடாது. வாயு அடுப்பும் கரி அடுப்பும் மூடிய இடத்தில் அதே காபனோரொக்சைட்டை வெளியிடும். கதவைப் பாதி திறந்து வைப்பதும் பாதுகாப்பல்ல. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, இப்படி அடுப்பையும் மின்பிறப்பாக்கியையும் உள்ளே இயக்கி நஞ்சேறியவர்கள் இருக்கிறார்கள். காற்றை மறைக்கத் திறந்தவெளியில் ஒரு பக்கம் மட்டும் தட்டி கட்டுங்கள். பால் பொங்கி வழிய ஊரைவிட நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

சேலைக்குள் தேர்மல் காற்சட்டையும், ரவிக்கைக்குள் மெல்லிய கம்பளிப் படையும் வெளியே தெரியாமல் அடங்கும். வாகனத் தரிப்பிடத்தைச் செருப்போடு கடக்காமல் சப்பாத்தோடு வந்து, வாசலில் கழற்றுங்கள். ஈரமாகிவிடும் காலுறைக்கு மாற்று ஒரு சோடி, அர்ச்சனைத் தட்டோடு பையில் இருக்கட்டும்.

குளத்தில் பனி உறைந்திருக்கிறது. பிள்ளைகளை விளையாட விடலாமா?

நகரசபை பராமரிக்கும் சறுக்கு மைதானங்களுக்குக் கூட்டிச் செல்வதே முதல் தெரிவு. இயற்கையான குளமானால், தெளிந்த நீலநிறப் பனிக்கட்டி ஒருவர் நடக்க 15 சென்ரிமீற்றரும், பலர் கூடி விளையாட 20 சென்ரிமீற்றரும் தடித்திருக்க வேண்டும். வெண்மையான பனிக்கட்டியின் வலு ஏறத்தாழ அதில் பாதியே. ஓடும் நீர், பாலத்தின் அடி, நாணல் வளர்ந்த கரை ஆகிய இடங்களில் எவ்வளவு குளிரானாலும் நம்பக் கூடாது. ஒன்ராறியோ ஏரியின் கரையோரப் பனிமேடுகள் அலை எறிந்து குவித்தவை; அவற்றின் உள்ளே வெறுமை.

யாராவது விழுந்துவிட்டால், மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1–10–1 என்ற கணக்கை நினையுங்கள்: மூச்சுத் திணறல் அடங்க ஒரு நிமிடம், கைகால் பயன்படும் நேரம் பத்து நிமிடம், நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் நீந்த முயலாமல் தலையை நீருக்கு மேல் வைத்து மூச்சை நிதானப்படுத்த வேண்டும். பிறகு, தாங்கும் என்று தெரிந்த, வந்த திசையிலேயே திரும்பி, முழங்கைகளை விளிம்பில் ஊன்றிக் கால்களை நீந்துவது போல உதைத்து உடலை மேலே தள்ள வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல், பாரம் பரவும்படி படுத்தபடியே உருண்டு கரைக்கு வர வேண்டும். கரையில் நிற்பவர் 911ஐ அழைத்துவிட்டு, கயிற்றையோ சால்வையையோ ஹொக்கி மட்டையையோ எறிந்து இழுக்கலாம். தாமும் பனியின் மேல் ஓடக் கூடாது.